ஒன்பது மாதம் தாமதித்த ஒரு வார்த்தை

பங்குனி மாதம் பிறந்துவிட்டால் நம்மவர் வீடுகளில் இருவகைப் பரபரப்பைக் காணலாம். ஒன்று சித்திரைப் புத்தாண்டை எதிர்நோக்கிய பரபரப்பு. பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்க வேண்டும். கைவிசேடத்துக்குப் புதுத் தாள்கள் மாற்றி வைக்க வேண்டும். ஊருக்குப் போவதானால் ரயிலிலோ பஸ்ஸிலோ முன்கூட்டியே இடம் பதிந்துகொள்ள வேண்டும். மற்றது வாய்விட்டுப் பேசப்படாத பரபரப்பு. பல கொம்பனிகளின் கணக்காண்டு பங்குனியோடு முடிவதால், அங்கு வேலை பார்ப்போரின் ஓராண்டு உழைப்பை மேலதிகாரிகள் மதிப்பிட்டுத் தாளில் எழுதும் காலமும் அதுவே.

இந்த மதிப்பீட்டுக்கு அரசாங்கக் காரியாலயங்களில் ஒரு பெயர். தனியார் நிறுவனங்களில் வேறொரு பெயர். செயலாற்றுகை மதிப்பீடு என்பாரும் உளர். ஆங்கிலச் சொல்லையே எடுத்து அப்ரைசல் என்பாரும் உளர். பெயர் எதுவாயினும் காரியம் ஒன்றுதான். ஒரு மனிதர் ஓராண்டு முழுவதும் செய்த வேலையை இன்னொரு மனிதர் சில கட்டங்களுக்குள் அடக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டு, கீழே கையொப்பமிடுகிறார். சம்பள உயர்ச்சியும் பதவி உயர்வும் அந்த எண்ணைப் பொறுத்தவை. ஆதலால் அந்தத் தாள் காரியாலயத்தில் எழுதப்பட்டாலும் வாசிக்கப்படுவது வீட்டில்தான்.

நமது நண்பரொருவர் கொழும்பில் இறக்குமதி வியாபாரம் செய்யும் ஒரு கொம்பனியில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறார். கப்பலில் வரும் சரக்குகளுக்குரிய பத்திரங்களைத் தயாரித்து, சுங்கத்திலிருந்து அவற்றை விடுவிப்பது அவருடைய பொறுப்பு. அதிகம் பேசாதவர். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். ஒரு பங்குனி மாதத்துச் சனிக்கிழமை மாலை அவர் நம் வீட்டுக்கு வந்தார். வந்தவர் தேநீர் ஆறிப்போகும் வரையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சென்ற ஆனி மாதத்தில் ஒரு பத்திரத்தில் நிறையை மாற்றி எழுதிவிட்டேன்" என்று ஆரம்பித்தார். "பிழை என்னுடையதுதான். சரக்கு இரண்டு நாள் துறைமுகத்திலே கிடந்தது. தாமதக் கட்டணம் கட்ட வேண்டி வந்தது. மறுநாளே மனேஜரிடம் போய் நடந்ததை ஒளிக்காமற் சொன்னேன். 'பரவாயில்லை' என்றார். அந்தப் 'பரவாயில்லை'யை நம்பி ஒன்பது மாதம் நிம்மதியாக இருந்தேன். நேற்று மதிப்பீட்டுத் தாளைத் தந்தார். 'நுணுக்கம்' என்ற கட்டத்தில் இரண்டு. காரணம்: ஆனி மாதத்துப் பத்திரம். போதாதற்கு 'முன்முயற்சி', 'பிறரோடு ஒத்துழைப்பு' எல்லாவற்றுக்கும் மூன்று. பிழையை எழுதியது எனக்கு நோகவில்லை. ஒன்பது மாதமாகத் தினந்தோறும் காலையில் சிரித்துக்கொண்டு நலம் விசாரித்தாரே, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இது இருந்ததே, அதுதான் நோகிறது."

வீட்டுக்குப் போனதும் மனைவியார், "இஞ்சருங்கோ, ஏன் ஒரு மாதிரி இருக்கிறியள்?" என்று கேட்டாராம். நண்பர் தலையிடி என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். சம்பளம் எவ்வளவு கூடும் என்ற கணக்கு ஏற்கனவே வீட்டில் போடப்பட்டிருந்தது. 2022 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பின் விலைவாசி, முந்திய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுகையில், நூற்றுக்கு எழுபது வீதமளவு ஏறியிருந்ததை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். அன்று ஏறிய விலைகள் பிறகு ஏறும் வேகம் குறைந்தனவேயன்றிப் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரியதென்பதை விளக்க வேண்டியதில்லை.

நண்பரின் மனத்தாங்கலைக் கேட்ட பின்னர், இந்த மதிப்பீட்டு முறை எங்கிருந்து வந்தது, இதைப் பற்றி அறிந்தோர் என்ன சொல்லியிருக்கின்றனர் என்று சற்றுத் தேடிப் பார்த்தோம். கண்டவற்றுள் சில நம் வாசகர்களுக்கும் பயன்படக்கூடும்.

முதலாவதாக ஸ்கொத்லாந்துக்குப் போவோம். அங்கே கிளைட் நதிக்கரையில் நியூ லனார்க் என்ற ஊரில் பெரியதொரு பஞ்சாலை இருந்தது. 1800 ஆம் ஆண்டு முதல் அதை நடத்தியவர் றொபேட் ஓவன். தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்தவரென்றும், கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடியென்றும் புகழ்பெற்றவர். அவர் தம் ஆலையில் ஒரு நூதனமான ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு தொழிலாளியின் இடத்திலும் நான்கு பக்கமுடைய சிறிய மரத்துண்டொன்று தொங்கும். நான்கு பக்கத்துக்கும் நான்கு நிறம். கறுப்பு என்றால் மோசம். நீலம் என்றால் சுமார். மஞ்சள் என்றால் நன்று. வெள்ளை என்றால் மிக நன்று. முதல்நாள் வேலைக்குரிய நிறம் மறுநாள் முன்பக்கமாகத் திருப்பி வைக்கப்படும். அதை "மௌனக் கண்காணி" என்று அழைத்தார்கள். ஓவன் ஆலைக்குள் நடந்துபோகும்போது யாரையும் ஏசுவதில்லை. நிறத்தைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், அப்பால் நடந்துவிடுவார்.

எல்லோர் கண்ணிலும் படும்படி ஒருவரின் குறையைத் தொங்கவிடுவது நமக்கு உவப்பான காரியமன்று. ஆயினும் அந்த மரத்துண்டில் கவனிக்கத்தக்க அம்சங்கள் இரண்டு உண்டு. நேற்றைய வேலைக்கு இன்றைக்கே நிறம் தெரிந்துவிடும். நாளைக்கு அதை மாற்றிக்கொள்ள அவகாசமும் கிடைக்கும். இஃது ஒன்று. தமக்கு இடப்பட்ட நிறம் நியாயமில்லையென்று கருதும் தொழிலாளி நேரே ஓவனிடம் சென்று முறையிடலாம் என்பது இரண்டாவது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய பஞ்சாலைத் தொழிலாளிக்குக் கிடைத்த இவ்விரண்டும் நமது நண்பருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்ததாக முதலாம் உலக யுத்த காலம். 1917 இல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியபோது மிகக் குறுகிய காலத்தில் ஆயிரக்கணக்கான இராணுவ அதிகாரிகளைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. வால்டர் டில் ஸ்கொட் என்ற உளவியற் பேராசிரியர் அதற்கு ஒரு வழி வகுத்துக் கொடுத்தார். மதிப்பிடுகிறவர் முதலில் தமக்குத் தெரிந்த அதிகாரிகள் ஐவரை நினைத்துக்கொள்ள வேண்டும். தலைமைப் பண்பில் மிகச் சிறந்தவர் ஒருவர், மிகக் குறைந்தவர் ஒருவர், இடைப்பட்டவர் மூவர். பின்னர் மதிப்பிடப்படுபவரை அந்த ஐவரோடும் ஒப்பிட்டு எண்ணிட வேண்டும். உடல் வலிமை, அறிவு, சேவையில் பயன் முதலிய ஒவ்வொரு பண்புக்கும் இப்படியே செய்ய வேண்டும். யுத்தம் முடிந்ததும் இவ்வகை அளவுகோல்கள் வியாபார நிறுவனங்களுக்குள்ளும் புகுந்தன. இன்றைய ஐந்து எண் கட்டங்களுக்கு அவையும் முன்னோர்.

யுத்தம் முடிந்த சிறிது காலத்தில், 1920 இல், எட்வேட் தோண்டைக் என்ற இன்னொரு உளவியல் அறிஞர் இராணுவ மதிப்பீடுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் கண்டது விசித்திரமானது. அறிவில் உயர்ந்தவரென்று மதிப்பிடப்பட்டவர் உடலமைப்பிலும் உயர்ந்தவரென மதிப்பிடப்பட்டிருந்தார். தலைமையிலும், குணத்திலும் அவ்வாறே. ஒன்றில் குறைந்தவர் எல்லாவற்றிலும் குறைந்திருந்தார். உலகில் மனிதர் இப்படி ஒரே வார்ப்பாக இருப்பதில்லை. ஒருவரைப் பற்றி மனத்தில் விழுந்த ஒரு பொதுவான எண்ணம், மற்ற எல்லாக் கட்டங்களுக்கும் தன் நிறத்தைப் பூசிவிடுகிறது என்பதே அவர் கண்ட உண்மை. தெய்வப் படங்களில் தலையைச் சுற்றி வரையப்படும் ஒளிவட்டத்தின் பெயரை அவர் இந்தப் பிழைக்கு இட்டார். நமது நண்பரின் விஷயத்தில் ஒளிக்குப் பதில் நிழல் படிந்தது. ஆனி மாதத்தில் நிறையை மாற்றி எழுதியதற்கும், பிறரோடு அவர் ஒத்துழைப்பதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் ஒரு கட்டத்தில் விழுந்த மை மற்றக் கட்டங்களுக்கும் ஊறிவிட்டது.

இனி அயல்நாடான இந்தியாவுக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்து வழிவந்த வழக்கங்களுள் வருடாந்த இரகசிய அறிக்கையும் ஒன்று. மேலதிகாரி ஒவ்வோராண்டும் தமக்குக் கீழுள்ள உத்தியோகத்தரைப் பற்றி எழுதி மேலே அனுப்புவார். பாதகமான குறிப்பு இருந்தால் மட்டுமே அது உரியவருக்கு அறிவிக்கப்படும். ஏனையவை அவர் கண்ணில் படமாட்டா.

எல்லைப்புற வீதிகளை அமைக்கும் பொறியியற் சேவையில் தேவ் தத் என்ற பொறியியலாளர் இருந்தார். அடுத்த பதவிக்கு உயர்வதற்குக் கடந்த ஐந்தாண்டு அறிக்கைகளிலும் "மிக நன்று" என்ற தரம் இருக்க வேண்டுமென்பது நிபந்தனை. நான்கு ஆண்டுகளில் அவருக்கு "மிக நன்று". 1993-94 இல் மட்டும் "நன்று". நன்று என்பது பாதகமான சொல்லா? அன்று. ஆகவே அது அவருக்கு அறிவிக்கப்படவில்லை. ஆனால் அந்தச் சொல்லினாலேயே பதவி உயர்வு அவருக்குக் கைநழுவியது. தம்மைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதப்பட்டிருப்பதையும், அந்த நல்ல வார்த்தையே தம்மைத் தடுத்துவிட்டதையும் அவர் பின்னரே அறிந்தார்.

வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2008 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. ஒரு குறிப்பு பாதகமானதா அன்றா என்பதை அதன் சொல்லைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது, அது விளைவிக்கும் பயனைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்று நீதியரசர்கள் கூறினர். தரம் எதுவாயினும், மிகச் சிறந்தது என்றாலும், அதை உரியவருக்கு அறிவிக்க வேண்டும். அதற்கெதிராக முறையிட அவருக்கு இடமளிக்க வேண்டும் என்றும் பணித்தனர். அதற்குள் தேவ் தத் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய முறையீடு ஏற்கப்பட்டால் பின்தேதியிட்டுப் பதவி உயர்வு பரிசீலிக்கப்பட வேண்டுமெனவும், கிடைக்குமாயின் நிலுவைச் சம்பளம் வட்டியுடனும் ஓய்வூதியம் உயர்வுடனும் தரப்பட வேண்டுமெனவும் தீர்ப்பில் கூறப்பட்டது. மறு ஆண்டே, 2009 இல், இந்திய மத்திய அரசாங்கம் அறிக்கையின் பெயரிலிருந்து "இரகசிய" என்ற சொல்லை நீக்கி, முழு அறிக்கையையும் உரியவருக்குக் காட்டும் ஒழுங்கைக் கொண்டுவந்தது. ஒரேயொரு "நன்று" என்ற சொல் பதினைந்து ஆண்டுகளாக ஒரு மனிதரைத் துரத்தி, கடைசியில் இலட்சக்கணக்கான உத்தியோகத்தருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது.

அப்படியானால், எழுதுவதை மறைக்காமற் காட்டிவிட்டால் போதுமா? நமது நண்பருக்குத் தாள் காட்டப்படத்தான் செய்தது. ஆயினும் அவருக்கு ஆறுதல் கிட்டவில்லை. இந்த இடத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கொம்பனியில் நடந்த ஓர் ஆராய்ச்சி நமக்கு உதவுகிறது. 1965 இல் அதன் முடிவுகள் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் வர்த்தக சஞ்சிகையில் வெளியாயின. ஆராய்ச்சியில் ஈடுபட்ட ஊழியர் 92 பேர். மதிப்பீட்டுக்கு முன்னர் தத்தம் வேலையைப் பற்றி அவரவரிடமே கேட்டார்கள். தாம் சராசரிக்குக் கீழே என்று சொன்னவர்கள் இருவர் மட்டுமே! சிரிப்பு வருகிறது, ஆனால் நம்மைக் கேட்டாலும் நாமும் அந்தத் தொண்ணூறு பேரோடுதான் நிற்போம். இப்படி எண்ணியிருக்கும் மனிதருக்கு "நீர் சராசரி" என்று சொல்வதே ஓர் அடியாக விழுகிறது.

அந்த ஆராய்ச்சியில் மேலும் தெரியவந்தவை: மதிப்பீட்டின்போது கூறப்பட்ட கண்டனம் வேலையைத் திருத்தவில்லை, மிகுதியாகக் கண்டிக்கப்பட்டவர் தம்மைக் காத்துக்கொள்ளவே முனைந்தார், பின்னர் அந்த விஷயத்திலேயே மேலும் பின்தங்கினார். புகழ்ச்சிக்கும் பெரிய பலன் தென்படவில்லை. இன்ன வேலையை இன்ன அளவில் முடிப்பதென இருவரும் கூடித் திட்டமாக முடிவு செய்த இடங்களிலேயே முன்னேற்றம் தெரிந்தது. யோசனை சொல்வதை வருடத்துக்கு ஒருமுறையென வைக்காமல் அன்றாடம் செய்ய வேண்டுமென்றும், சம்பளத்தைப் பற்றிய பேச்சையும் வேலையைத் திருத்துவது பற்றிய பேச்சையும் ஒரே நாளில் ஒரே மேசையில் வைக்கக் கூடாதென்றும் ஆராய்ச்சியாளர் முடிவு கூறினர். சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி மனத்தில் நிற்கும்போது, வேறெந்த நல்ல வார்த்தையும் காதில் ஏறாது என்பதை அனுபவித்தவர் அறிவர்.

மேலதிகாரியின் பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். 1957 இல் அதே சஞ்சிகையில் டக்ளஸ் மக்கிறெகர் என்ற பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். மேலதிகாரிகள் இந்த மதிப்பீட்டைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பதற்குச் சோம்பலோ திறமைக் குறைவோ மட்டும் காரணமல்ல என்றார் அவர். இன்னொரு மனிதரின் தகுதிக்குத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்காருவது நல்ல மனமுடையவருக்குக் கூச்சத்தைத் தருகிறது. அந்தக் கூச்சத்தை நாம் மதிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. நமது நண்பரின் மனேஜர் ஆனி மாதத்தில் "பரவாயில்லை" என்றது வஞ்சகத்தினால் அன்று என்றே நாம் எண்ணுகிறோம். முகத்துக்கு நேரே ஒருவரின் பிழையைப் பேச அவருக்கு மனம் வரவில்லை. தாள் வந்து, கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டுமென்ற நிலை வந்தபோது, வாயினாற் சொல்லாததைப் பேனாவினாற் சொல்லிவிட்டார்.

ஜப்பானியத் தொழிற்சாலைகளின் தரத்தை உயர்த்த உதவியவரெனப் புகழ்பெற்ற டெமிங் என்ற அமெரிக்கர் இன்னும் ஒரு படி மேலே போனார். வருடாந்த மதிப்பீட்டை, நிறுவனங்களைக் கொல்லும் நோய்களுள் ஒன்றாகவே 1980களில் எழுதினார். வேலையில் நேரும் ஏற்றத்தாழ்வுகளில் பெரும்பகுதி வேலை அமைந்திருக்கும் முறையினால் விளைவது. அதைத் தனிமனிதர் தலையில் கட்டுவது அநீதி என்பது அவர் வாதம். பத்திரங்களை இரண்டாமவர் ஒருவர் ஒப்புநோக்கும் வழக்கம் நமது நண்பரின் பகுதியில் இருந்திருந்தால், பிழையான நிறை துறைமுகம் வரை போயிருக்குமா என்று கேட்பது நியாயமே.

வேறு சில இடங்களில் மதிப்பீடு இன்னும் கடுமையான வடிவம் எடுத்தது. நாம் மேலே சொன்ன ஜெனரல் எலெக்ட்ரிக் கொம்பனியிலேயே பின்னாளில், 1981 முதல் 2001 வரை தலைவராயிருந்த ஜாக் வெல்ச் என்பவர், ஊழியரில் நூற்றுக்கு இருபது பேரை மேலே, எழுபது பேரை நடுவே, பத்துப் பேரைக் கீழே என்று பிரிக்கச் சொன்னார். கீழே விழுந்தவர்கள் வேலையை இழக்கும் ஆபத்தில் நின்றனர். எல்லோரும் நன்றாக உழைத்தாலும் பத்துப் பேர் கீழே விழுந்தே தீர வேண்டும். பக்கத்து மேசைக்காரரின் வெற்றி தமக்குத் தோல்வியாகிவிடும். இத்தகைய தரப்படுத்தலை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2013 இல் கைவிட்டது. அடோபி என்ற நிறுவனம் 2012 இலேயே வருடாந்த மதிப்பீட்டை நிறுத்தி, அடிக்கடி உரையாடும் வழக்கத்துக்கு மாறியது.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, மதிப்பீடே வேண்டாம் என்று சில வாசகர்கள் சொல்லக்கூடும். நாம் அவ்வாறு சொல்லமாட்டோம். எழுத்தில் எதுவும் இல்லாத காரியாலயத்தில் யார் உயர்கிறார்? மேலதிகாரியின் ஊர்க்காரர் உயர்கிறார். அவர் வீட்டுக் கலியாணத்தில் ஓடியாடித் திரிந்தவர் உயர்கிறார். வாய் உள்ளவர் உயர்கிறார். ஒரு மூலையிலிருந்து வாய்பேசாமல் உழைப்பவருக்கு, தாம் செய்தது எங்கேயோ எழுதப்பட்டிருக்கிறது என்பதே பாதுகாப்பு. வள்ளுவரும் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை இந்த விஷயத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். ஆளை ஆராய்வதை அவர் தவறென்று சொல்லவில்லை. ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பிய பின் ஐயுறுவதையுமே தவறென்றார்.

ஆகவே நமது கருத்து இதுதான். குறையை அது நிகழ்ந்த வாரத்திலேயே, தனியே அழைத்து, காரணத்தோடு சொல்ல வேண்டும். ஆண்டிறுதித் தாளில் எழுதப்படும் எந்த வார்த்தையும் உரியவருக்குப் புதிய செய்தியாக இருக்கக் கூடாது. எழுதியதை அவர் பார்க்க வேண்டும். மறுமொழி எழுத அவருக்கு இடமும் இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் மூன்று என்ற எண்ணையும் மனிதர் தாங்கிக்கொள்வர்.

மேலதிகாரிகள் மாறும்வரை ஊழியர் காத்திருக்க வேண்டுமென்பதில்லை. மேசை லாச்சியில் ஒரு சிறு அப்பியாசக் கொப்பியை வைத்துக்கொள்ளுங்கள். முடித்த வேலை, பட்ட சிரமம், நேர்ந்த பிழை, அதைத் திருத்திய விதம் ஆகியவற்றைத் திகதியிட்டு வாரம் ஒருமுறை எழுதுங்கள். மனித ஞாபகம் பங்குனியில் மாசியைத்தான் நினைக்கும், வைகாசியை நினைக்காது. ஆண்டின் நடுவில் ஒருநாள் மேலதிகாரியிடம், "என் வேலையில் எதைத் திருத்த வேண்டுமென நினைக்கிறீர்கள்?" என்று நீங்களே கேளுங்கள். தாள் கைக்கு வந்ததும் கோபத்தோடு கையொப்பமிடாமல், ஒருநாள் அவகாசம் கேட்டு வாசியுங்கள். "கவனக் குறைவு" போன்ற பொதுச் சொல் இருந்தால், எந்த நாள், எந்த வேலை என்று பணிவாக விசாரியுங்கள். மறுமொழி எழுதுவதானால் வசை வேண்டாம். திகதியும் விபரமும் போதும்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. பங்குனி மாதத்தில் ஒருநாள் தலையிடி என்று படுப்பவரிடம் சம்பளக் கணக்கை உடனே கேளாதிருப்பது நலம். கணவனாயினும் மனைவியாயினும், அன்றைக்கு அவரை இன்னொருவர் எண்ணிட்டு அனுப்பியிருக்கிறார். வீட்டில் இரண்டாவது எண் வேண்டாம்.

புத்தாண்டு கழிந்து இரண்டாவது ஞாயிறன்று நமது நண்பர் மறுபடியும் வந்தார். கையில் பலகாரப் பொட்டலம் இருந்தது. கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. மனேஜரிடம் போய்ப் பேசினாராம். "ஐயா, அன்றைக்கே ஏசியிருந்தீர்களானால் அன்றைக்கே திருத்தியிருப்பேன்" என்று மட்டும் சொன்னாராம். மனேஜர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "உங்களைப் போன்ற பழைய ஆளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை" என்றாராம். எண் மாறவில்லை, அது மேலிடத்துக்குப் போய்விட்டது. ஆனால் இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் அரைமணி நேரம் பேசுவதென்றும், பத்திரங்களை இன்னொருவர் ஒப்புநோக்குவதென்றும் முடிவாயிற்றாம்.

"இன்னொரு விஷயம்" என்று நண்பர் தயங்கினார். "பள்ளிக்கூடத்திலிருந்து மகளின் தேர்ச்சி அறிக்கை வந்தது. கணக்கில் முப்பத்தெட்டு. வழக்கம்போல் சத்தம் போட வாயெடுத்தேன். அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அந்தத் தவணை முழுவதும் அவளுடைய கணக்குக் கொப்பியை ஒருநாளாவது நான் திறந்து பார்க்கவில்லை. மூன்று மாதம் பேசாமலிருந்துவிட்டு ஒருநாளில் தீர்ப்புச் சொல்லப் பார்த்தேனே, எனக்கும் மனேஜருக்கும் என்ன வித்தியாசம்?"

இப்போது ஞாயிறு தோறும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தகப்பனும் மகளும் கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறார்களாம். பின்னக் கணக்கில் தகப்பனாரும் இரண்டு பிழை விட்டாராம். மகள் அங்கேயே, அந்த நிமிடத்திலேயே, சிவப்புப் பென்சிலால் அடித்துக் காட்டினாளாம். அதைச் சொல்லும்போது நண்பர் சிரித்தார். பிழையை உடனே கேட்பதில் நோவில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி நமக்குத் தேவைப்படவில்லை.